அமாவாசையும் கோபால்ட்டும்

பிசிக்ஸ் மேடம் எதையும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். சாக்பீஸ் கேட்டால் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வார். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷேர் ஆட்டோவில் சில்லறையை டிரைவருக்குப் பக்கத்தில் சீட்டில் வைப்பார். கோயில் இட்லி கொண்டுவரும் நாட்களில் ஒரு துண்டை இலையில் வைத்து, இலையை மேசையில் வைத்து, மேசையை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். அதுதான் அழைப்பு.

நான் அதே கல்லூரியில் கெமிஸ்ட்ரி. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். அவர் சின்ன காஞ்சிபுரம், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து வீதி. அவர் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். எனக்குக் கோபம் வர இவ்வளவு போதாதா? சேர்ந்த புதிதில் ரொம்ப நாள் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பியூரெட் ஒன்றைக் கேட்டேன். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், அவர் என் கையைத் தாண்டிப் போய் அதை மேசையில் வைத்தார். கேட்டேவிட்டேன்.

"ஏன் மேடம், கையில குடுத்தா இன்னா? நாங்க இன்னா தீட்டா?"

ஸ்டாஃப் ரூமில் ரெண்டு பேர் தலை தூக்கினார்கள். அவர் பதறவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். கணக்குக்குக்கூட அப்படித்தான் பதில் சொல்வார்.

"ஆத்துல வந்த பழக்கம். எங்கப்பாவுக்கே நான் கையில குடுக்க மாட்டேன், அவர் மடியா இருப்பார், யாரும் தொடப்படாது. தப்பான பழக்கம்தான். ஆனா அந்த ரூமுக்குள்ள போனா அதுதான் சரியான பழக்கம். ரெண்டையும் பிரிக்க எனக்குத் தெரியல."

"தப்புன்னு தெரிஞ்சா விட்டுட வேண்டியதுதானே?"

"வெளியில விட்டா உள்ளயும் விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படிச் சண்டை போடுவது? கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்றைக்கும் இருக்கிறது.

அந்த ரூம் என்பது பிசிக்ஸ் லேபுக்குப் பின்னால், பழைய பேட்டரி எல்லாம் போட்டு வைத்திருந்த இடம். அதைக் காலி செய்து ஒரு எந்திரத்தை வைத்திருந்தார். பெரிய எவர்சில்வர் குடத்துக்கு நாலு பக்கமும் கண்ணாடி ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே காற்றே கிடையாது. சென்னையில் அவருடைய கைடு இருந்த ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அதைக் கடனாகக் கொடுத்திருந்தது. மேடம் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்தார். குடத்துக்குள் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செம்புத் துண்டு. அதன்மேல் கோபால்ட் உலோகத்தை ஆவியாக்கித் தூவ வேண்டும். ஒரு அடுக்குகூட முழுசாக நிரம்பக் கூடாது. அங்கே கொஞ்சம் அணு, இங்கே கொஞ்சம் அணு என்று திட்டுத் திட்டாக உட்கார வேண்டும். உள்ளே ஒரே ஒரு விரல் ரேகை பட்டாலும் போச்சு, அதிலிருக்கும் எண்ணெய்ப்பசை வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கையுறை இல்லாமல் அவர் அந்தக் குடத்தின் வெளிப்பக்கத்தைக்கூடத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"அப்படி இன்னாதான் பாக்கறீங்க அதுல?" என்று ஒரு தடவை கேன்டீனில் கேட்டேன்.

"ஒரு கோபால்ட் அணு தனியா இருந்தா காந்தமா நிக்காது. சூட்டுல ஆடிண்டே இருக்கும், இப்படி ஒரு நிமிஷம் அப்படி ஒரு நிமிஷம். நிறைய சேந்து ஒண்ணையொண்ணு தொட்டுண்டு இருந்தா நிக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்சது. தொடாம தள்ளித் தள்ளி இருந்தா?"

"ஆடும்."

"அதான் இல்ல. கீழ இருக்கிற செம்பு வழியா ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியும். இவ்ளோ தூரத்துல இருந்தா ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும். கொஞ்சம் நகந்தா எதிரும் புதிருமா திரும்பும். இன்னும் நகந்தா மறுபடி ஒரே பக்கம்."

"எங்க அண்ணிங்க ரெண்டு பேரும் அப்படித்தான்."

அவர் சிரித்தது அபூர்வம், அன்றைக்குச் சிரித்தார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொடாமலே ஒண்ணை ஒண்ணு நிறுத்தி வெக்க முடியுமா? அதைத்தான் பாக்கணும்."

அதைப் பார்க்கிற வழி லேசர். சிவப்பு ஒளி செம்பில் பட்டுத் திரும்பி ஒரு கருவியில் விழும். வெளியே இருந்து காந்தப் புலத்தை ஏற்றி இறக்குவார். கோபால்ட் திட்டுகள் தங்கள் திசையை விடாமல் பிடித்துக்கொண்டால், திரையில் போகிற கோடும் வருகிற கோடும் பிரிந்து நடுவே ஒரு வளையம் திறக்கும். பிடிக்காவிட்டால் கோட்டின்மேலேயே கோடு விழும். அந்த வளையத்துக்காகத்தான் அத்தனையும்.

ஆனால் லேபின் பின்சுவரை ஒட்டினாற்போல் நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு குழித்தறி. ஊடையை அடிக்கிற பலகை விழ விழத் தரை அதிரும். நமக்கு ஒன்றும் தெரியாது, லேசர் புள்ளிக்குத் தெரியும். சுவரில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். அவருக்கு வர வேண்டிய சமிக்ஞையோ அந்த நடுக்கத்தைவிடச் சின்னது. அந்தத் தெருவில்தான் என் சித்தப்பா தறி போட்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"ஒரே ஒரு நாள் நிறுத்த முடியாதா சித்தப்பா? ஒரு அரை நாள் போதும்."

"யாருக்கு?"

"எங்க பிசிக்ஸ் மேடமுக்கு. அணுவெல்லாம் ஆடுதாம்."

"கல்யாணப் பொடவ தறியில ஏறிக்கினு இருக்குது. அணு ஆடுதுன்னு நான் போய் மொதலாளி கிட்ட சொல்லவாம்மா? அமாவாசைக்கு வரச் சொல்லு. அன்னிக்கு தெருவுல எவனும் தறியில ஒக்கார மாட்டான்."

அப்படித்தான் அமாவாசைக்கு அமாவாசை ஆராய்ச்சி என்று ஆனது. மாதம் ஒருநாள் தெரு அடங்கும், புள்ளி சுவரில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். மேடம் லேபில் தினசரிக் காலண்டர் ஒன்றை மாட்டி, அமாவாசைகளைச் சிவப்பு மையால் சுழித்து வைத்தார். பார்த்தவர்கள் எல்லாம் அவருக்கு ரொம்ப பக்தி என்று நினைத்தார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அமாவாசையன்று அவர் அப்பா தர்ப்பணம் செய்வார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், வேறு பிள்ளைகள் இல்லை. பெரியவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. மேடம் குளித்து, மடியாகத் தளிகை பண்ணி, தீர்த்தம் எடுத்து வைத்து, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும். மாதத்தில் லேபுக்கு அவர் வேண்டியிருந்த ஒரே நாளில்தான் வீட்டுக்கும் அவர் வேண்டும். மத்தியானம் ஒரு மணிக்கு ஈரத் தலையோடு ஓடி வருவார். செம்பைச் சுத்தம் செய்யவே மூன்று மணி நேரம் ஆகும். சுத்தம் செய்த பரப்பு ஒரு மணி நேரம்தான் சுத்தமாக இருக்கும். அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், கரண்ட் போகும், ஏதாவது ஒன்று.

அதனால் காலை வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. கையுறை போட்டுக்கொண்டு ஆர்கான் வாயுவைத் திறப்பேன், செம்பைச் சூடாக்குவேன், மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோபால்ட் தூவுவது மட்டும் அவர். எப்போது நிறுத்துவது என்பது அவருக்குப் பார்வையிலேயே தெரியும், அதை எனக்குச் சொல்லிக்கொடுக்க முயன்று முயன்று முடியாமல் விட்டுவிட்டார்.

மாதம் மாதம் திரையில் கோட்டின்மேல் கோடு. காஞ்சிபுரத்து வெயிலில் எந்தத் திட்டு திசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? குளிர வைத்தால் ஒருவேளை நிற்கலாம் என்றார். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். சென்னையிலிருந்து கொண்டுவந்தால் வழியிலேயே பாதி ஆவியாகிவிடும். நான்தான் கண்டுபிடித்தேன்: மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி மருந்தை அதில்தான் போட்டு வைத்திருப்பார்கள். என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, பெரிய பிளாஸ்க்கை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடம் வருவார். பசுக்களுக்கு நடுவில் வரிசையில் நிற்பார். "மாடு எங்கம்மா?" என்று அந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். மேடம் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பொறுமையாகக் கோபால்ட்டைப் பற்றிச் சொல்வார்.

மாணவிகளுக்கு அவரைக் கண்டால் பயம். ஊசல் குண்டை ஆட்டி அளவெடுத்து, புத்தகத்துக்குப் பொருத்தமாக ஒரே ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார். "ஒரு தடவை வந்தது வந்ததே இல்லை. மறுபடி வந்தா எங்கிட்ட வா." இதை அவர் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்வார். பின்னாலிருந்து பெண்கள் அதே குரலில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கைடு ஓய்வு பெறப் போவதாகத் தகவல் வந்தது. அவர் போனால் எந்திரம் திரும்பிப் போகும், அதோடு பிஎச்.டி.யும். மிச்சமிருந்தது ஆடி அமாவாசை ஒன்றுதான். அன்றைக்குச் சாயங்காலம் சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது.

"அப்போ முடியாதா?" என்றேன்.

"இல்ல," என்றார். அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டதே இல்லை. "கிரகணம் விடற வரைக்கும் அப்பா சாப்பிட மாட்டார். அன்னிக்கு ஆத்துல அடுப்பே கிடையாது. கார்த்தால தர்ப்பணம் ஆச்சுன்னா நான் வந்துடுவேன். கிரகணத்துக்கு மறுபடி ஒரு தர்ப்பணம் உண்டு, அது பிடிக்கறதுக்குள்ள போனா போறும்."

அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு தர்ப்பைப் புல். கிரகணத்துக்கு ஊறுகாய் ஜாடி, தீர்த்தக் குடம் எல்லாவற்றிலும் போட்டு வைப்பார்களாம்.

"'உன் பாத்திரத்துலயும் ஒண்ணு போட்டுக்கோ'ன்னு அப்பா குடுத்தார்."

"கையிலயா?"

"கீழ வெச்சார். எடுத்துண்டேன்."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெரியவர் எந்திரத்தைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அது. மேடம் புல்லைக் குடத்தின் தலையில், அதைப் போர்த்தியிருந்த அலுமினியத் தாளின்மேல் வைத்தார். தெருவில் தறி இல்லை. கிரகணம் என்பதால் ஆள் நடமாட்டமும் இல்லை. பிரின்சிபால் மத்தியானத்தோடு கல்லூரிக்கு லீவு விட்டிருந்தார். புள்ளி அப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை. எனக்குக்கூட நம்பிக்கை வந்துவிட்டது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போயிற்று. வால்வை மூடிவிட்டு உட்கார்ந்தோம். நான் மின்வாரியத்தின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். திரும்பி வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பரப்பு அழுக்காகியிருந்தது, முதலிலிருந்து சுத்தம் செய்தோம். எந்த வேலையையும் அவசரமாகச் செய்யாதவர் அன்றைக்கு நேரத்தைச் சுருக்கி, கோபால்ட் தூவி, நைட்ரஜன் ஊற்றி, காந்தத்தை ஏற்றினார்.

திரையில் கோடு போயிற்று. திரும்பி வரும்போது கொஞ்சம் தள்ளி வந்தது. நடுவே ஒரு வளையம். மெல்லிசு, நெல் அளவு. ஆனால் வளையம்தான். மறுபடி ஏற்றி இறக்கினார், அப்படியே இருந்தது. நான் அவர் தோளைப் பிடிக்கப் போய்க் கையை மடக்கிக்கொண்டேன்.

"வந்துடுச்சு மேடம்."

"இதே படலத்துல எத்தனை தடவை பாத்தாலும் ஒரு தடவைதான். சுத்தம் பண்ணிப் புதுசா போட்டு இன்னொரு தடவை வரணும்." சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். நாலாகப் போகிறது.

பிளாஸ்க்கில் இன்னொரு தடவைக்கு நைட்ரஜன் இருந்தது. வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்து, "எனக்குக் கிரகணமும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. ஏழு மணி வரிக்கும் ஒக்காந்துக்கினு இருக்கறேன், நீங்க பாருங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாமே இருந்தது. வீட்டில் கண் தெரியாத பெரியவர் கிணற்றடியில் காத்துக்கொண்டிருப்பார். கிரகணம் பிடித்துவிட்டது என்று ஒருவர் சொல்ல வேண்டும், தண்ணீர் சேந்திக் கொடுக்க வேண்டும், தர்ப்பணத்துக்குத் தீர்த்தம் எடுத்து வைக்க வேண்டும்.

"நான் போறேன்," என்றேன். "மொபெட்ல பத்து நிமிஷம். தண்ணி சேந்திக் குடுத்துட்டு, நேரத்த சொல்லிட்டு, முடியற வரைக்கும் கூடவே இருக்கறேன். நீங்க பண்ணுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்க மாட்டார்."

"கையில குடுக்கல மேடம். கீழ வெச்சிட்டுத் தள்ளி நிக்கறேன்."

"எங்க வெச்சாலும் வாங்கிக்க மாட்டார்."

அதைச் சொன்னபோது அவர் முகம் அவமானத்தில் கறுத்துப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், கிடக்கட்டும் அந்தக் கிழவர், ஒரு கிரகணம் தர்ப்பணம் இல்லாமல் போனால் குடியா முழுகிவிடும் என்று கத்தியிருப்பேன். கத்தவில்லை. அதையும் அவர் யோசித்துப் பார்த்துவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. லேசரை அணைத்தார். கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்தார். குடத்தின் மேலிருந்த தர்ப்பையை எடுத்துக்கொண்டு, குடையை விரித்துத் தலையை மறைத்துக்கொண்டு, ஆளில்லாத ரோட்டில் நடந்து போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் வெயில் மங்கி, மஞ்சளாகி, மறுபடி தெளிந்தது. அதற்குள் செம்பின்மேல் அழுக்குப் படிந்திருக்கும்.

மறுநாள் ஸ்டாஃப் ரூம் போனில் கைடிடம் பேசினார். "வரல சார்," என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

"வந்துச்சே. நானும்தான பாத்தேன். அத அனுப்பினா போதும்னு கைடு சொன்னாருன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"ஒரு தடவை வந்தது..."

"வேணாம் மேடம், முடிக்காதீங்க," என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.

அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார், நன்றாகவே இருந்தார். மேடம் முதலாம் ஆண்டுக்கு உராய்வு நடத்தினார், ஊசல் குண்டை ஆட்டினார், ஓய்வு பெற்றார். டாக்டர் பட்டம் இல்லாததால் துறைத் தலைமை அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று. கோபால்ட் என்ற வார்த்தையை அவர் மறுபடி சொல்லி நான் கேட்கவில்லை. உலகத்தில் அந்த வளையத்தைப் பார்த்தது நாங்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்கிருப்பது கோபமா பாசமா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

எந்திரத்தை எடுத்துப்போக வேன் வந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆவணி அமாவாசைக்கு முன்பே வந்துவிட்டது. வந்த ஆட்கள் திருகாணிகளைக் கழற்றினார்கள். ஒருவன் வெறுங்கையைக் குடத்துக்குள் முழங்கை வரை விட்டு எதையோ துழாவினான். மேடம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை போடச் சொல்லவில்லை. உள்ளேயும் விட்டுவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேன் போன பிறகு என்னிடம் வந்தார்.

"இது தேஞ்சு போச்சாம், வேண்டாம்னுட்டா," என்றார்.

அந்தச் செம்புத் துண்டு. நான் வழக்கம்போல மேசையைப் பார்த்தேன், அங்கேதான் வைப்பார் என்று. அவர் என் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, உள்ளங்கையில் அதை வைத்து மூடினார். அவர் கையில் கையுறை இல்லை. விரல்கள் சில்லென்று இருந்தன.

அத்தனை வருஷத்தில் அவர் என் கையில் கொடுத்த ஒரே பொருள் அதுதான். மேசையிலேயே வைத்திருக்கலாம்.